குடை விரியுமா? குமரி மாவட்டத்தில் சிறு ராக்கெட் விடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ராக்கெட் விடும் ஆறேழு பேர் நாங்கள். இரண்டு பேர் ஆசிரியர்கள். ஒருவர் குளச்சல் பக்கம் வலைச்சாமான் கடை வைத்திருக்கிறார். மற்றவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்து, பிறகு பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் வர ஆரம்பித்தவர்கள். எங்களிடம் அடிக்கடி கேட்கப்படுவதில் முக்கால்வாசி பாராசூட்டைப் பற்றித்தான். அதை நாங்கள் குடை என்போம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போனதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்த மாதிரி ராக்கெட்டைப் பற்றிச் சொல்கிறீர்கள்?

தண்ணீர் ராக்கெட். இரண்டேகால் லிட்டர் குளிர்பான பாட்டில், அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர், சைக்கிள் பம்பில் 60 பவுண்டு காற்று. கீழ்ப்பக்கம் சிறகுகள், மேலே ஒரு கூம்பு, கூம்புக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் மடித்து வைத்த குடை. வெறும் எடை 200 கிராம் வந்தால் ஏறக்குறைய 50 மீட்டர் உயரம் போகும். சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தத்தைச் சைக்கிள் கடையில் எல்லாரும் பவுண்டு என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பழைய பாட்டிலையும் கீறல் விழுந்த பாட்டிலையும் எடுக்காதீர்கள். புதிய பாட்டிலாக இருந்தாலும், விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, விடப்போகும் அழுத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றி ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முழுக்கத் தண்ணீர் இருக்கும்போது உடைந்தால் பீய்ச்சி அடிப்பதோடு போகும். காற்றாக இருந்து உடைந்தால் வெடி.

வெளிநாட்டு வீடியோக்களில் வெடிமருந்து மோட்டார் வைத்து விடுகிறார்களே, நாமும் செய்தால் என்ன?

அமெரிக்காவில் அது 1950-களிலேயே ஒழுங்குபடுத்தப்பட்ட பொழுதுபோக்காகிவிட்டது. மோட்டார் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, அட்டைக்குழாயில் அடைத்து, கடையில் கிடைக்கும். அதன்மேல் சி6-5 என்பது போல ஒரு குறியீடு இருக்கும். எழுத்து மொத்த உந்தத்தின் அளவு, நடு எண் சராசரி உந்துவிசை நியூட்டனில், கடைசி எண் எரிந்து முடிந்தபின் எத்தனை நொடி கழித்துக் குடையைத் தள்ளும் மருந்து பற்றும் என்பது. நம்மூரில் கருமருந்து 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்குள் வருகிறது. வீட்டில் இடித்துக் கலக்குவது குற்றம், அதைவிட முக்கியமாக விரல் போகும். திருவிழாவுக்கு வாணம் கட்டுகிற, பரம்பரையாகத் தொழில் தெரிந்தவர்களுக்கே விபத்து நடக்கிறது. கருமருந்தைப் பற்றி எங்களிடம் கேட்காதீர்கள். பதில் வராது.

ஆனால் மோட்டார் எதுவாக இருந்தாலும் குடையின் சங்கதி ஒன்றுதான். கீழே சொல்கிற சோதனைகளில் பாதி மோட்டார் வைத்து விடும் அந்த வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து கற்றுக்கொண்டவை.

பிளாஸ்டிக் பாட்டில்தானே சார், விழுந்தால் என்ன? குடை எதற்கு?

50 மீட்டரிலிருந்து மூக்கைக் கீழே காட்டிக்கொண்டு நேராக வந்தால், காற்றுத் தடையைக் கழித்துப் பார்த்தாலும், தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டும். எங்கள் மூன்றாவது ராக்கெட் வயலில் அப்படி இறங்கியது. சேற்றில் கூம்பு முழுக்கப் புதைந்து, சிறகு மட்டும் நாற்று மாதிரி வெளியே நின்றது. அந்த இடத்தில் ஒரு பிள்ளை நின்றிருந்தால் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்றோடு குடை இல்லாத ராக்கெட் விடுவதை நிறுத்தினோம்.

எவ்வளவு பெரிய குடை வேண்டும்?

நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்கினால் போதும். ஒன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது சாப்பாட்டு மேசையைவிட ஒன்றரை மடங்கு உயரத்திலிருந்து கைதவறி விழுகிற வேகம் அது. பாட்டில் தாங்கும்.

தட்டையான வட்டத் துணிக்கு நாங்கள் வைத்திருக்கும் வாய்ப்பாடு: ராக்கெட்டின் எடையை கிராமில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.4-ஆல் பெருக்கினால் குடையின் விட்டம் சென்டிமீட்டரில் வரும். 100 கிராமுக்கு 34, 200 கிராமுக்கு 48, 300 கிராமுக்கு 59. எடை என்பது தண்ணீர் போன பிறகு உள்ள எடை. குடையும் சேர்த்துத்தான். பலசரக்குக் கடை டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள், கையால் தூக்கிப் பார்த்துச் சொல்லாதீர்கள்.

பெரிதாகத் தைத்தால் இன்னும் மெதுவாக இறங்குமே என்று எல்லாரும் ஒரு தடவை செய்வார்கள். நாங்களும் செய்தோம். மெதுவாக இறங்கினால் காற்று அதை அவ்வளவு தூரம் கொண்டுபோகும். நொடிக்கு 5 மீட்டரில் இறங்கினால் 50 மீட்டருக்கு 10 நொடி. காற்று நொடிக்கு 4 மீட்டர் வீசினால் 40 மீட்டர் தள்ளிப் போய் விழும், 8 மீட்டர் வீசினால் 80. இறங்கும் வேகத்தைப் பாதியாக்கினால் இந்தத் தூரம் இரட்டிப்பு. நம்மூரில் 160 மீட்டர் தள்ளி என்றால் கட்டாயம் ஒரு தென்னந்தோப்பு இருக்கும்.

என்ன துணி, என்ன நூல்?

ஒடிந்த குடை. நிஜமாகத்தான் சொல்கிறேன். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு ஒடிந்த குடையாவது பரணில் கிடக்கும். எட்டுக் கம்பிக் குடையில் எட்டுத் தையல், நடுவிலிருந்து ஒரே இடைவெளியில் விரிந்து போகும். நூல் கட்ட வேண்டிய இடத்தைக் குடை செய்தவரே குறித்துக் கொடுத்துவிட்டார். தேவையான விட்டத்துக்கு வட்டமாக வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, தையல் முடியும் இடங்களில் நூலைக் கட்டினால் முடிந்தது. நடுவில் கம்பி போகும் ஓட்டை இருக்கிறதல்லவா, அதைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை போகலாம், பரப்பில் அது வெறும் நாலு சதவீதம்தான். அந்த ஓட்டை வழியாகக் காற்று ஒழுங்காக வெளியேறுவதால் குடை ஊஞ்சல் ஆடாமல் இறங்கும்.

குப்பைப் பையும் நல்லதுதான், இலேசானது. ஆனால் மடித்து வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டும். ஈரக்காற்றில் இன்னும் மோசம். குழந்தைகளுக்குப் போடும் பவுடரைத் தூவி மடித்தால் ஒட்டாது.

நூலுக்குத் தங்கூசி, அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பு, வாங்காதீர்கள். மீன்பிடிக்கும் ஊரில் அதுதான் முதலில் கைக்கு வரும், இழுவைக்கும் தாங்கும். ஆனால் சுருட்டி வைத்த வடிவத்தை அது மறக்காது. பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்ததும் மறுபடி வளையம் வளையமாகச் சுருண்டு சிக்கிக்கொள்ளும். முடிச்சும் வழுக்கி அவிழும். முறுக்கிய நைலான் வலை நூல் வாங்குங்கள். ஒவ்வொரு நூலின் நீளமும் குடையின் விட்டத்துக்குக் குறையக்கூடாது, ஒன்றரை மடங்கு இருந்தால் நல்லது. குட்டையாக இருந்தால் குடையின் வாயை உள்ளே இழுத்துப் பிடித்துவிடும். எட்டு நூலும் சேரும் இடத்தில் தூண்டிலில் போடும் சுழல் வளையம் ஒன்று மாட்டுங்கள், ஸ்விவல் என்று கேட்டால் கொடுப்பார்கள். ராக்கெட் சுழன்றாலும் நூல் முறுக்கேறாது.

மொட்டைமாடியிலிருந்து போட்டுப் பார்த்தோம், அழகாக விரிந்தது. இது போதாதா?

போதாது. ஆனால் அதையும் செய்யத்தான் வேண்டும். ஒழுங்காகச் செய்தால் அதிலிருந்து ஒரு எண் கிடைக்கும்.

ராக்கெட்டைக் கட்டாதீர்கள். அதே எடைக்கு ஒரு சின்னப் பாட்டிலில் மணல் நிரப்பிக் கட்டுங்கள். இரண்டாவது மாடியிலிருந்து ஒருவர் போடட்டும். கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டிக் குனியக்கூடாது, பிள்ளைகளை இந்த வேலைக்கு நிறுத்தக்கூடாது. கீழே சுவரில் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு நிறத் தாள் ஒட்டுங்கள். போனில் மெதுவோட்ட வீடியோவை நொடிக்கு 240 சட்டகம் என்று வைத்து, சுவரைப் பார்த்து எடுங்கள். தாளைத் தாண்டியதிலிருந்து தரையைத் தொடும் வரை எத்தனை சட்டகம் என்று எண்ணுங்கள். 96 வந்தால் 0.4 நொடி, இரண்டு மீட்டரை 0.4 நொடியில் கடந்தால் வேகம் நொடிக்கு 5 மீட்டர். நாங்கள் கேட்ட வேகம் அதுதான். 70 வந்தால் வேகம் ஏழுக்குக் கிட்டத்தட்ட, அதாவது குடை சிறிது அல்லது எடை கூடிவிட்டது.

ஐந்து தடவை போட்டு சராசரி எடுங்கள். ஐந்தில் ஒன்று மட்டும் மாறுபட்டு வந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டுச் சராசரி போடாதீர்கள். அந்த ஒன்று ஏன் மாறியது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு நூல் குடையின் மேலே ஏறி அதை இரண்டு பந்தாகப் பிரித்திருக்கும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்திலிருந்து போடலாமா என்று கேட்டு வருகிறார்கள், வேண்டாம். கீழே ஆளும் தோட்டமும் இருக்கிறது, மேலே நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஏழு மீட்டர் உயரத்தில் தெரியாத எதுவும் முப்பது மீட்டரில் புதிதாகத் தெரியப்போவதில்லை.

சரி, ஏன் போதாது? மாடியிலிருந்து போடும்போது குடையைக் கையில் விரித்துப் பிடித்துத்தான் போடுகிறீர்கள். மேலே அதை விரித்துப் பிடிக்க ஆள் இல்லை.

கீழே எல்லாம் சரியாக இருந்தது. மேலே போனதும் குடை வெளியே வரவேயில்லை. ஏன்?

எங்கள் நோட்டுப் புத்தகத்தில் விழுந்த ராக்கெட்டுகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். அதில் துணி கிழிந்ததால் விழுந்தது ஒன்றே ஒன்று. மீதி எல்லாவற்றிலும் குடை நல்ல குடைதான், பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஒரு எட்டாம் வகுப்புப் பையன் ஓடிப்போய்க் கூம்பைத் திறந்துபார்த்து, "சார், நாம மடிச்சது மாதிரியே இருக்கு!" என்று கத்தியது இன்னும் காதில் கேட்கிறது. மடிப்பு அவனுடையது, அதனால் அவனுக்கு ஒரு பெருமை வேறு.

ஆகவே சோதிக்க வேண்டியது குடையை மட்டுமல்ல, அது வெளியே வரும் வழியையும்தான். நாங்கள் பார்ப்பது இவை.

கூம்பின் இறுக்கம். ராக்கெட்டைக் கூம்பைப் பிடித்துத் தூக்குங்கள். தன் எடைக்குக் கழன்று விழக்கூடாது. அப்படியே லேசாக ஒரு உதறு உதறினால் கழன்றுவிட வேண்டும். இரண்டும் நடக்க வேண்டும். இறுக்கம் குறைந்தால் ஏறும்போதே கழன்றுவிடும், கூடினால் கழலவே கழலாது. ஒரு சுற்று டேப் ஒட்டுவது, ஒரு சுற்று உரிப்பது, இதுதான் சரிசெய்யும் முறை. காலையில் சரியாக இருந்தது வெயில் ஏறியதும் மாறும் என்பதால் ஏவுவதற்கு முன் மறுபடி ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.

உறிஞ்சல். கூம்பு நீளமாக உள்ளே இறங்கியிருந்தால் ஊசிக்குழல் மாதிரி வேலை செய்யும். மருந்து இழுக்கும் ஊசியின் வாயை அடைத்துவிட்டுப் பிஸ்டனை இழுத்துப் பாருங்கள், வராது. கூம்பின் பக்கத்தில் ஒரு சின்னத் துளை போட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. இந்தத் துளை தெரியாமல் நாங்கள் இரண்டு மாதம் டேப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

பாட்டில் பருப்பது. கூம்பு கழலாமல், பெட்டியின் கதவு வழியாகக் குடை வெளியே வருகிற ராக்கெட்டுக்கு இது. காற்று ஏற்றியதும் பாட்டில் ஒரு நூலளவு பருக்கிறது. பாட்டிலின்மேல் சட்டை மாதிரி மாட்டிய குடைப்பெட்டி அப்போது இறுகுகிறது, சில சமயம் கதவு கோணலாகி மாட்டிக்கொள்கிறது. காற்று இல்லாத பாட்டிலில் நூறு தடவை திறந்த கதவு அழுத்தத்தில் திறக்காதது இதனால்தான். பெட்டிக்கும் பாட்டிலுக்கும் நடுவே ஒரு அட்டைத்துண்டு நுழையும் இடைவெளி விடுங்கள்.

மடிப்பு. குடையின் நடுவைப் பிடித்துத் தொங்கவிட்டு நீவி, நீளவாக்கில் இரண்டாக மடித்து, பிறகு விசிறி மாதிரி முன்னும் பின்னுமாக மடியுங்கள். நூலை அதன்மேல் இறுக்கிச் சுற்றாதீர்கள். பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுகிற பழக்கம் நம் கையில் இருப்பதால் எல்லாரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். நூலையும் பாம்பு போல வளைத்து வளைத்து மேலே வைத்தால் போதும். கை வைத்து அமுக்கித் திணிக்க வேண்டியிருந்தால் பெட்டி சிறிது. மடித்ததை ராத்திரி முழுக்க அப்படியே வைக்காதீர்கள். ஏவுவதற்குப் பத்து நிமிடம் முன் மடிப்பதுதான் எங்கள் வழக்கம்.

இதையெல்லாம் பார்த்தபின் முழு ராக்கெட்டையும் கையில் பிடித்து, மூக்கு மேலே, மூக்கு பக்கவாட்டில், மூக்கு கீழே என்று மூன்று நிலையிலும் திறந்து பாருங்கள். உச்சியில் ராக்கெட் எப்படிச் சாய்ந்து நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிலைக்குப் பத்துத் தடவை, தொடர்ந்து முப்பது. இருபத்தேழாவது தடவை மாட்டினால் சரிசெய்துவிட்டு இருபத்தெட்டு என்று தொடரக்கூடாது. ஒன்றிலிருந்து மறுபடி. இதில்தான் பிள்ளைகளுக்கும் எனக்கும் சண்டை வரும்.

குடையைத் திறந்துவிடுவது எது? எளிதாகக் கிடைக்கிற மாதிரி சொல்லுங்கள்.

சாவி கொடுத்தால் நடக்கும் பொம்மை. கோட்டார் சவேரியார் கோவில் திருவிழாக் கடைகளிலும் சுசீந்திரம் தேரோட்டக் கடைகளிலும் கிடைக்கும். உடைத்தால் உள்ளே ஒரு சின்னப் பல்சக்கரப் பெட்டி இருக்கும். அதன் அச்சில் சுற்றிய ரப்பர் வளையம்தான் கதவை மூடிப் பிடித்திருக்கும். சாவி சுற்றி முடிந்ததும் ரப்பர் நழுவிக் கதவு திறக்கும். ஏவும்போது ஏவுதளத்தில் கட்டிய நூல் ஒரு குச்சியை உருவிவிட, சக்கரம் ஓட ஆரம்பிக்கும்.

எங்கள் ராக்கெட் உச்சிக்குப் போக ஏறக்குறைய 3 நொடி ஆகிறது. உங்களுடையதைக் குடை இல்லாமல் விட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்காதீர்கள், 30 பவுண்டில் குடையோடு விட்டு வீடியோவில் எண்ணுங்கள், பிறகு படிப்படியாக அழுத்தத்தை ஏற்றுங்கள். பொம்மைச் சக்கரத்தை மேசையில் வைத்து இருபது தடவை ஓட்டி, ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள். சராசரி 3 நொடி என்பது மட்டும் போதாது, ஒரு தடவை 2, ஒரு தடவை 4 என்று ஓடுகிற பொம்மை பிள்ளைக்கு விளையாடக் கொடுக்கத்தான் லாயக்கு.

ஒரு நொடி முன்பின் ஆனால் என்ன என்று கேட்பீர்கள். உச்சியிலிருந்து ஒரு நொடி கழிந்தால் வேகம் நொடிக்கு சுமார் 10 மீட்டர், இரண்டு நொடி கழிந்தால் கிட்டத்தட்ட 20. குடையை இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 5 மீட்டர் வேகத்தில் 200 கிராம் இழுக்கிற குடை 20 மீட்டர் வேகத்தில் பதினாறு மடங்கு, அதாவது மூன்று கிலோவுக்கு மேல் வெடுக்கென்று இழுக்கும். கிழிந்த அந்த ஒரு குடை இப்படிக் கிழிந்ததுதான்.

கூம்புக்கும் பாட்டிலுக்கும் நடுவே உள்ள கயிறு அறுந்து போகிறது.

குடை விரியும்போது வருகிற வெடுக்கென்ற இழுப்பை அந்தக் கயிறுதான் வாங்குகிறது. குட்டையாக இருந்தால் கூம்பு வேகமாகத் திரும்பிவந்து பாட்டிலிலேயே மோதும். ராக்கெட்டின் நீளத்தில் இரண்டு மூன்று மடங்கு விடுங்கள். தையல்கடை எலாஸ்டிக் நல்லது, ஆனால் உப்புக்காற்றிலும் வெயிலிலும் சீக்கிரம் இற்றுப்போகும், சீசனுக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

சோதனை எளிது. கயிற்றின் ஒரு நுனியை மாமரக் கிளையில் கட்டி, மறுநுனியில் ராக்கெட்டின் எடைக்கு மணல் பாட்டிலைக் கட்டி, கிளை உயரத்துக்குத் தூக்கிக் கையை விடுங்கள். பத்துத் தடவை. அறுந்தால் எங்கே அறுகிறது என்று பாருங்கள். அநேகமாக நடுவில் அறாது, முடிச்சில் அறும். வலைக்கடைக்கார அண்ணாச்சி எங்கள் முடிச்சுகளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அத்தனையையும் அவிழ்த்து வேறு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு அறவில்லை.

எலக்ட்ரானிக்ஸ் போடலாமா?

தாராளமாக. காற்றழுத்த உணரி, ஆர்டுயினோ என்கிற நிரல் எழுதி ஓட்டும் சின்ன மின்பலகை, சொன்ன கோணத்துக்குத் திரும்புகிற ஒரு குட்டி சர்வோ மோட்டார் போதும். கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் எட்டு ஒன்பது மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும், 50 மீட்டருக்கு ஆறு. குறைந்துகொண்டே வந்த அழுத்தம் மறுபடி கூட ஆரம்பித்தால் உச்சி தாண்டிவிட்டது, கதவைத் திற. இவ்வளவுதான் நிரல்.

சோதிக்க மாடி ஏற வேண்டாம். முழுக் கருவியையும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடியில் ஒரு குழாய் செருகி, வாயால் மெல்ல உறிஞ்சுங்கள். அழுத்தம் குறைகிறது, அதாவது ராக்கெட் ஏறுகிறது. உறிஞ்சலை விடுங்கள், சர்வோ திரும்ப வேண்டும். இது எல்லாரும் கைதட்டுகிற சோதனை. கைதட்டல் முடிந்ததும் கருவியை ஒரு துணிப்பையில் போட்டு நன்றாக உதறுங்கள். தண்ணீர் ராக்கெட் கிளம்பும்போது புவியீர்ப்பைப் போல 30 மடங்குக்கு மேல் உதை வாங்குகிறது. பேட்டரி ஒரு கணம் தொடுகை விட்டால் கருவி முதலிலிருந்து ஆரம்பிக்கும், ராக்கெட் ஆரம்பிக்காது. ராக்கெட்டின் உடம்பில் காற்றுத் துளை வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் உணரிக்கு வெளியே நடப்பது தெரியாது.

என் சொந்த அபிப்பிராயம்: முதல் ஆறு மாதம் பொம்மைச் சக்கரத்தோடு இருங்கள்.

நம் மாவட்டத்தில் எங்கே, எப்போது விடலாம்?

கும்பப்பூ என்கிற நெல் போகம் அறுவடை முடிந்த வயல். மாசி, பங்குனியில் தாள் மட்டும் நிற்கும் ஏலாக்கள், அதாவது வயல்வெளிகள், போல இடம் கிடைக்காது. விழுந்தாலும் மெத்தை. வயல்காரரிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள், அவர் வீட்டுப் பிள்ளையையும் கூப்பிடுங்கள், அப்புறம் பிரச்சினை இருக்காது. ஊர்க்காரர்கள் திரளுவார்கள் என்று தோன்றினால் பக்கத்துக் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

நேரம் காலை ஆறரை முதல் எட்டரை. அதற்குப் பிறகு கடற்காற்று எழும்பிவிடும். வைகாசி தொடங்கி ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளையும் சும்மா கொண்டுவந்து நிறுத்தவில்லை. மின்கம்பி தெரிகிற இடமும் வேண்டாம். கம்பியில் மாட்டினால் அந்த ராக்கெட் போனது போனதுதான், கம்பு எடுத்துத் தட்டக்கூடாது.

கடற்கரை காலியாகத்தானே இருக்கிறது?

அலை கொண்டுபோகும். அதோடு மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் இல்மனைட் இருக்கிறது, வலுவான காந்தத்தில் ஒட்டும். குடைப்பெட்டிக் கதவுக்கு ஒருவர் காந்தப் பூட்டு வைத்திருந்தார், வெள்ளி மாதிரி பளபளக்கும் குட்டிக் காந்தம். ஒரு தடவை மணலில் விழுந்து எழுந்ததும் அதற்குக் கருமீசை முளைத்துவிட்டது. துடைத்தால் நகர்கிறதே தவிரப் போகவில்லை. கதவு அதற்குப் பிறகு முழுதாக மூடவே இல்லை.

இவ்வளவு சோதனை தேவையா? பெரிய ஆட்களெல்லாம் இப்படியா செய்கிறார்கள்?

இதைவிட அதிகம். ககன்யான் விண்கலத்தில் மொத்தம் 10 பாராசூட். கடைசியில் விரியும் பெரிய குடைகள் மூன்று, அதில் இரண்டு விரிந்தாலே பத்திரமாக இறங்கிவிடலாம். அந்த மூன்றில் ஒன்று விரியாமல் போனால் என்ன ஆகும் என்று பார்க்கவே தனியாக ஒரு சோதனை செய்தார்கள். 2022 நவம்பர் 18 அன்று ஜான்சி மாவட்டத்தில் பபினாவில் 5 டன் எடையை விமானத்திலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர் உயரத்தில் தள்ளிவிட்டுப் பார்த்தார்கள். ராக்கெட்டில் ஏற்றிப் பார்த்தது அதற்கு அடுத்த வருடம் அக்டோபர் 21-ல்தான். ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் இஸ்ரோவின் மகேந்திரகிரி மையம். அங்கே எஞ்சினைத் தரையில் கட்டிப்போட்டு எரித்துப் பார்க்கிறார்கள். நாம் மாமரத்தில் மணல் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுவதும் அந்த வகைதான்.

சோதனையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாசாவின் ஜெனிசிஸ் விண்கலம். சூரியனிலிருந்து வரும் துகள்களைச் சேகரித்துக்கொண்டு 2004 செப்டம்பர் 8-ல் திரும்பியது. குடை வெளியே வரவில்லை. யூட்டா பாலைவனத்தில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் மோதியது. வேகம் குறைவதை உணர்ந்து குடையைத் திறக்கச் சொல்ல வேண்டிய சின்ன உணரிகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன. அதைக் கண்டுபிடித்திருக்கக்கூடிய சோதனை நடக்கவில்லை. அங்கேயும் துணியில் குறை இல்லை பாருங்கள்.

தென்னையில் மாட்டிக்கொண்டால்?

ஏறாதீர்கள், பிள்ளைகளை ஏற்றாதீர்கள், கல்லெறியாதீர்கள். தேங்காய் வெட்டுகிறவர் வரும் நாள் வரை காத்திருங்கள். காற்றில் தானாக விழுந்தாலும் விழும். போன வருடம் எங்களுடையது பதினோரு நாள் மட்டைக்குள் தொங்கியது. வெட்டுகிறவர் வந்து ஏறி, ஒரு மரத்துக் கூலியை வாங்கிக்கொண்டு, ராக்கெட்டைக் குடையோடு கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். நூல் ஒன்றுகூடச் சிக்கவில்லை. குடையை ஒரு தடவை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குடை எல்லாம் நல்லாத்தான் விரிஞ்சிருக்கு மக்கா. மரம்தான் குறுக்க நின்னுட்டு."